கரும்பாறை நுண்துகள் நிலையம்

லிந்துலையிலிருந்து டயகம போகும் பாதையில் இருக்கும் கரும்பாறைத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை ஏழு வருடம் பூட்டிக் கிடந்தது. 2005ஆம் ஆண்டு அதன் வாசலில் ஒரு பலகை நட்டார்கள். உலகத்திலேயே மிகச் சிறிய பொருள் இங்கே தயாரிக்கப்படும் என்று அதில் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. பலகையின் நீளம் இருபத்திரண்டு அடி. அதற்கு இடம் காணாமல் பதினொரு தேயிலைச் செடிகளை வெட்ட வேண்டியதாயிற்று.

அந்தத் தொழிற்சாலையில் இருபத்தொரு வருடம் உலை எரித்தவர் செபமாலை. தொழிற்சாலை மூடியபின் மரக்கறித் தோட்டங்களில் கூலிக்குக் கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார். நிலையத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் பணிப்பாளர் கலாநிதி இராசரத்தினம்.

“நானோ என்றால் என்ன?”

“தெரியாதுங்க ஐயா.”

“வேறு என்னதான் தெரியும்?”

“நெருப்ப ஒரே சூட்டுல வச்சிருக்கத் தெரியுங்க.”

ஐவரும் கலந்து பேசினார்கள். விண்ணப்பத்தில் ‘விஞ்ஞான அறிவு: இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க ஆட்சேபனை: இல்லை’ என்று எழுதி, செபமாலையை வெப்ப உதவியாளராக நியமித்தார்கள். நியமனம் தற்காலிகமானது. நிலையமே தற்காலிகமானதுதான், கட்டடமும் குத்தகைக்கு எடுத்ததுதான் என்று பணிப்பாளர் ஆறுதல் சொன்னார்.

நிலையத்தில் இருபத்தாறு பேர் வேலை செய்தார்கள். அதில் துகள் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் செபமாலை. மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆய்வு உத்தியோகத்தர் சிவகௌரி. மிச்சப் பேர் துகள் செய்யப்படுவதை மேற்பார்வை செய்தார்கள், மேற்பார்வையைப் பதிவு செய்தார்கள், பதிவுகளைக் கோவையில் போட்டார்கள்.

முதல் நாள் சிவகௌரி ஓர் உருக்குப் பாத்திரத்தைக் காட்டினாள். பூசணிக்காய் அளவில், தடித்த சுவரும் திருகு மூடியும் கொண்ட பாத்திரம். உள்ளே வெள்ளை நிறத்தில் இன்னொரு குவளை.

“இதுக்குள்ளை ரெண்டு விதமான இரும்பு உப்பையும் தண்ணியிலை கரைச்சு, கொஞ்சம் அமோனியாவும் விட்டு இறுக்கி மூடுறது. பிறகு நூற்றெண்பது பாகையிலை பன்னிரண்டு மணித்தியாலம். தண்ணி ஆவியாகப் பாக்கும், ஆனா வெளியிலை போக வழியில்லை. அந்த அமுக்கத்திலைதான் இரும்பு சின்னச் சின்னப் பளிங்காத் திரளும். ஒரு தலைமயிரை நெடுக்காலை எட்டாயிரமாப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவு வருமோ, அவ்வளவுதான் ஒரு துகள்.”

“பிரஷர் குக்கர் மாதிரிங்களா மிஸ்?”

“ஓம் அண்ணை. ஆனா இதுக்கு விசில் இல்லை. அடிச்சால் ஒரே அடிதான்.”

வெளிநாட்டிலிருந்து வந்த மின்சார அடுப்பு ஒன்று நிலையத்தில் இருந்தது. அதில் வெப்பத்தையும் நேரத்தையும் எண்ணாகப் பதித்துவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கரும்பாறைக்கு வரும் மின்சாரத்துக்கு அப்படியான ஒழுங்கு இருக்கவில்லை. மூன்று முறை பாதியில் நின்றுபோனபின், அடுப்பைத் துணியால் மூடி, பார்வையிட வருபவர்களுக்குக் காட்ட வைத்துக்கொண்டார்கள். செபமாலை தன் பழைய உலையை மூட்டினார். ஓர் இரும்புப் பெட்டியில் மணலை நிரப்பி, அதில் பாத்திரத்தைப் புதைத்து, காலை ஆறு மணிக்கு டர்பன்டைன் மரத்து விறகை வைத்தாரென்றால் மாலை ஆறுவரை அசையமாட்டார். வெப்பமானியின் முள் நூற்றெண்பதில் ஒட்டிவைத்த மாதிரி நிற்கும். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் மற்ற இருபத்தைந்து பேரும் பாதுகாப்பு விதிகளின்படி கட்டடத்தின் மறுகோடியில் இருந்தார்கள்.

நான்காம் முறை பாத்திரத்தைத் திறந்தபோது உள்ளே மை போலக் கறுப்பாக இருந்தது. சிவகௌரி அதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வெளிப்பக்கமாக ஒரு காந்தத்தைப் பிடித்தாள். கறுப்பு முழுவதும் காந்தத்தின் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. மறுபக்கம் தண்ணீர் தெளிந்து நின்றது.

“இதை என்னத்துக்கு மிஸ் பாவிப்பாங்க?”

“புற்றுநோய் மருந்தை உடம்பிலை சரியான இடத்துக்குக் கொண்டுபோகலாம். ஸ்கான் எடுக்கலாம். பிறகு, தண்ணியிலை கலந்த நஞ்சுகள் சிலதை இது தன்னிலை ஒட்டவைச்சுக்கொள்ளும். காந்தத்தாலை தூளை எடுத்தால் நஞ்சும் அதோடை வந்திடும்.”

செபமாலை அந்தக் குவளையை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு இரண்டு இடத்திலிருந்து தண்ணீர் வந்தது. மேலே பாறையடி ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருவது குடிக்க. கீழே ஓடையிலிருந்து பீலி வழியாக விழுவது துணி துவைக்க. அந்தப் பீலிக்கு மேலேதான் தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் கலப்பார்கள். அந்தத் தண்ணீரில் கை வைத்தால் தடிப்பு வரும். அவருடைய மகள் டிலுக்ஷிக்கு முழங்கைவரை வந்திருந்தது.

அவருடைய மனதில் இருந்ததைப் பணிப்பாளர் ஒரு வாரத்திலேயே வாய்விட்டுச் சொன்னார்.

“செபமாலை, உங்கட லயத்துக்குத்தான் முதல் வடிகட்டி. இந்தத் தூளைப் போட்டு அந்தப் பீலித் தண்ணியைப் பளிங்காக்கித் தாறன். ஒரு சின்ன உதவி மட்டும் வேணும். தூளைக் கழுவ எங்களுக்கு நல்ல தண்ணி தேவை. மேல் ஊற்றுக் குழாயை ஆறே ஆறு மாதத்துக்கு நிலையத்துக்குத் தாங்கோ. சனம் உம்மைத்தானே நம்பும்? நீர்தான் பேசவேணும்.”

சம்மதக் கடிதம் ஒன்றோடு அறுபத்து நாலு வீடுகளுக்கும் செபமாலை ஏறி இறங்கினார். முதல் வரிசையில் இருந்தவள் மீனம்மா. கொழுந்து பறிப்பவள். தலைவர்மார் வந்து பேசிவிட்டுப் போனபிறகு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று லயத்துச் சனம் அவளிடம்தான் கேட்கும்.

“ஆறு மாசம்னு இந்தக் கடுதாசியில எழுதியிருக்கா?”

“ஐயா வாயால சொன்னாருங்க அக்கா. படிச்ச மனுசன்.”

“படிச்ச மனுசனுக்கு எழுதத் தெரியாதா?”

“என்னைய நம்புங்க அக்கா. அந்தத் தூள நான் என் கையால செஞ்சிருக்கேன். காந்தத்துல ஓடுறத என் கண்ணால பாத்தேன்.”

மீனம்மா அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். அவள் கையெழுத்துப் போட்டபின் மற்ற அறுபத்து மூன்று வீடும் ஒரே பின்னேரத்தில் போட்டன.

குழாய் அடுத்த நாளே நிலையத்தின் பக்கம் திருப்பப்பட்டது. அதன் பின்னர் நிலையம் எதிலும் அவ்வளவு வேகம் காட்டவில்லை.

முதலில் இருப்பெடுப்புக் குழு ஒன்று வந்தது. உற்பத்தியான பொருட்களின் எண்ணிக்கையை எழுதும் கட்டம் அவர்களுடைய படிவத்தில் இருந்தது. ஒரு சிட்டிகையில் கோடிக்கு மேல் துகள்கள் இருக்கும் என்று சிவகௌரி சொன்னாள். அப்படியானால் ஒவ்வொன்றிலும் நிலையத்தின் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்க வேண்டுமே என்றார் குழுத்தலைவர். இதைப் பற்றி நான்கு கூட்டங்கள் நடந்தன. கடைசியில் போத்தலில் இலக்கம் ஒட்டினால் போதும் என்றும், இது ஒரு தற்காலிகச் சலுகை என்றும் முடிவாயிற்று.

பிறகு பாத்திரத்தின் மூடித் திருகு தேய்ந்துபோனது. அதைக் கடைசலுக்குக் கொடுப்பதற்காகச் செபமாலை பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினார். அது 2006ஆம் ஆண்டின் கடைசி, யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த நேரம். பாதையில் ஒரு சோதனைச் சாவடி. சிப்பாய் சாக்கை அவிழ்த்துப் பார்த்தான். அதன் உருண்டை வடிவத்தைப் பார்த்து லயத்துச் சனம் அந்தப் பாத்திரத்துக்குக் குண்டு என்றுதான் பெயர் வைத்திருந்தது. இது என்ன என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டதும், பதற்றத்தில் செபமாலையின் வாயில் முதலில் வந்ததும் அந்தப் பெயர்தான். சிப்பாய்க்குத் தமிழில் நாலைந்து சொற்கள்தான் தெரியும். அதில் அது ஒன்று.

அதிகாரி நல்ல மனிதர். உடனே நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். பணிப்பாளரே பேசினார்.

“செபமாலை என்ற பெயரில் எமது நிலையத்தில் நிரந்தர ஊழியர் எவரும் இல்லை.”

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. செபமாலையை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பங்குச் சுவாமியார் வந்து பொறுப்பேற்றுக் கூட்டிக்கொண்டு போனார். நிலையத்துக்குத் திரும்பியபோது அவருக்கு ஒரு கடிதம் காத்திருந்தது. அறிவிக்காமல் இரண்டு நாட்கள் கடமைக்குச் சமூகமளிக்காததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

சிவகௌரி உலையடிக்கு வந்து நின்றாள்.

“நான் வந்திருந்தால் என்னையும் உள்ளுக்கை வைச்சிருப்பினம் அண்ணை. நான் யாழ்ப்பாணம். அடையாள அட்டையைப் பாத்தவுடனை விளங்கியிருக்கும்.”

“அது எனக்குத் தெரியாதுங்களா மிஸ்? ஐயாவுக்கு போன்ல சரியா கேட்டிருக்காது. அதான் அப்புடி சொல்லிட்டாரு.”

அவர் அதை உண்மையாகவே நம்பினார். மனைவி லெட்சுமியிடமும் அப்படித்தான் சொன்னார். அவள் இரண்டு நாள் அழுக்கேறிய சட்டையைத் துவைக்க எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். குடிக்கும் தண்ணீருக்கு அவள் இப்போது தோட்டத்தின் அடுத்த டிவிஷன்வரை நடக்க வேண்டியிருந்தது.

ஆறு மாதம் பத்து மாதமாயிற்று. வடிகட்டித் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் ஒருவர் வருவதாக இருந்தது. விழாவுக்கு முந்திய கிழமை இரும்பு உப்பு மூட்டையைப் பிரித்த செபமாலைக்கு மனம் சரியில்லை. பச்சையாக இருக்க வேண்டிய உப்பு ஈரக்காற்றுப் பட்டுப் பழுப்பாகிக் கட்டிபிடித்துக் கிடந்தது.

“ஐயா, இது கெட்டுப்போச்சுங்க. இத வச்சு செஞ்சா கறுப்பு வராதுங்க.”

“நிறத்தைப் பார்த்து விஞ்ஞானம் செய்யிறதில்லை, செபமாலை. விழாவுக்கு ஐந்து நாள் இருக்கு. செய்யும்.”

செய்தார். பன்னிரண்டு மணி நேரம் முள் அசையவில்லை. திறந்தபோது உள்ளே செங்கல் தூள் மாதிரிச் சிவப்பாக இருந்தது. சிவகௌரி காந்தத்தைப் பிடித்தாள். எதுவும் ஓடவில்லை. காந்தத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிப் பிடித்தாள். சிவப்புத் தூள் தன்பாட்டில் இருந்தது.

பணிப்பாளர் வந்து பார்த்தார். ஐந்து நிமிடம் யோசித்தார்.

“இதுவும் இரும்பு ஒக்சைட்டுத்தானே? இதுவும் நானோதானே? காந்தம் இழுக்காவிட்டால் அது காந்தத்தின் குறைபாடு. அறிக்கையில் அப்படியே எழுதுங்கோ, சிவகௌரி.”

விழா பீலியடியில் நடந்தது. கூடாரம், வாழை, குத்துவிளக்கு, தப்பு மேளம் எல்லாம் இருந்தன. தூள் போட்ட நீலத் தண்ணீர்த் தாங்கிக்குப் பட்டு ரிப்பன் கட்டியிருந்தார்கள். லயத்து ஆட்கள் குடங்களோடு வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். பிரதம விருந்தினர் ரிப்பனை வெட்டிக் குழாயைத் திறந்தார். மாதுளம்பழச் சாறு போலச் சிவப்பாகத் தண்ணீர் கொட்டியது.

தப்பு நின்றது. பணிப்பாளர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

“கௌரவ விருந்தினர் அவர்களே! எமது தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச் சோகை இருக்கிறது. காரணம், இரும்புச் சத்துக் குறைவு. இதோ, அவர்களுடைய வாசலிலேயே இரும்பு ஓடுகிறது! ஏனையோர் தண்ணீரிலிருந்து எதையாவது எடுக்கப் பார்க்கிறார்கள். நாம் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறோம். இந்த நிலையம் ஆரம்பித்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. எமது உற்பத்தியை இதுவரை எந்த ஒரு கணக்காய்வாளராலும் கண்ணால் காண முடியவில்லை. அவ்வளவு நுண்மையாக நாம் வேலை செய்கிறோம்!”

எல்லோரையும்விட முதலில் கைதட்டியவர் பிரதம விருந்தினர். அவருக்கு ஒரு கோப்பை நீட்டப்பட்டது. தான் அன்று விரதம் என்று சொல்லி, கோப்பையோடு படம் மட்டும் எடுத்துக்கொண்டார். விரதம் பகல் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது.

கூட்டம் கலையும் நேரத்தில் சிவகௌரி ஒரு தாளோடு செபமாலையிடம் வந்தாள். முழுவதும் ஆங்கிலம்.

“அண்ணை, இதிலை ஒரு கையெழுத்து வேணும். லயத்துச் சனத்தின்ரை சார்பிலை.”

“என்னா மிஸ் இது?”

“விழா நடந்ததெண்டதுக்கு ஒரு அத்தாட்சி. வந்த ஆக்களின்ரை பட்டியல் மாதிரி.”

அவள் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். செபமாலை தன் முழுப் பெயரையும் தமிழில் எழுத்துக்கூட்டி அழகாகப் போட்டுக்கொடுத்தார்.

சிவப்புத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. துவைத்த துணியெல்லாம் காவி நிறமானது. மூன்றாம் கிழமை தாங்கியின் குழாய் தூளடைத்து நின்றுபோனது. மேல் ஊற்றுக் குழாய் போன பதினான்காம் மாதம் மீனம்மா, கொழுந்தை எடை போட்ட கையோடு, முப்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள்.

“எங்க கொழாய எங்களுக்குத் திருப்பிக் குடுங்க. ஆறு மாசம்னுதான் சொன்னீங்க.”

பணிப்பாளர் கோபப்படவில்லை. கோவை ஒன்றை வரவழைத்து, ஒரு தாளை எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் நிதானமாகச் சொன்னார். “வடிகட்டிய நீர் தெளிவாகவும் சுவையாகவும் உள்ளது. அறுபத்து நான்கு குடும்பங்களும் பூரண திருப்தி அடைந்துள்ளோம். ஆகையால் மேல் ஊற்று நீர் எமக்கு இனித் தேவைப்படாது. ஒப்பம், சமூகப் பிரதிநிதி, செபமாலை.”

செபமாலை விறகுக் கட்டோடு வாசலில் நின்றார். மீனம்மா தாளை வாங்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இது ஒன் கையெழுத்தா?”

“ஆமாங்க அக்கா. ஆனா அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு எனக்கு...”

“எங்க வீட்டுக்கு வந்து, என்னைய நம்புங்கன்னியே. அப்பவும் அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?”

செபமாலை விறகுக் கட்டை இறக்கிவைத்தார். சிவகௌரியைப் பார்த்தார். அவள் அலுமாரியைத் திறந்து ஏற்கெனவே ஒழுங்காக இருந்த கோவைகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்று சாவடியிலிருந்து வந்த தொலைபேசியில் ஐயாவுக்குச் சரியாகக் கேட்டிருந்தது என்பது அந்த நிமிடத்தில்தான் செபமாலைக்கு விளங்கியது. கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பைப் ரெஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டு செபமாலை மேல் ஊற்றுக்கு ஏறினார். நிலையத்துக்குப் போன குழாயைக் கழற்றினார். லயத்துக் குழாயைப் பழையபடி பொருத்தினார். இறங்கிவந்து ரெஞ்சைப் பணிப்பாளரின் மேசையில் வைத்தார்.

“தண்ணிய மாத்திட்டேங்க. பொலிசுக்கு சொல்லுங்க.”

பணிப்பாளர் தொலைபேசியை எடுத்தார், வைத்தார். முறைப்பாடு எழுதினால் லயத்தின் குடிநீர் பதினான்கு மாதமாக நிலையத்தின் குழாயில் ஓடியதையும் எழுத வேண்டிவரும். இரண்டு நாள் கூட்டம் நடந்தது. மூன்றாம் நாள் மேசன் ஒருவர் வந்து லயத்துக் குழாயடியில் எழுத்து வெட்டிய கருங்கல் ஒன்றைப் பதித்தார். ‘நானோ தொழில்நுட்பத்தினால் தூய்மையாக்கப்பட்ட இந்நீர், கரும்பாறை நுண்துகள் நிலையத்தினால் மக்களுக்கு அன்பளிப்புச் செய்யப்பட்டது.’ அதே நாள் வெப்ப உதவியாளர் பதவி ஒழிக்கப்பட்டது. மின்சார அடுப்பு இருக்கும்போது அப்படியொரு பதவி தேவையில்லை என்று கடிதத்தில் இருந்தது.

குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. பெண்கள் பிடித்தார்கள். செபமாலை வாளியோடு போனால் பேச்சு நின்றுவிடும். மீனம்மா தன் குடத்தை ஒதுக்கி அவருக்கு இடம் விடுவாள். அவர் திரும்பவும் கிழங்கு கிண்டப் போனார்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சிவகௌரி பிஸ்கட் பெட்டியோடு லயத்துக்கு வந்தாள். மேற்படிப்புக்கு அவுஸ்திரேலியா போகிறாளாம். சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்றாள். லெட்சுமி தேத்தண்ணீர் வைத்துக்கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“எங்கடை ஆய்வு புத்தகமா வந்திட்டுது அண்ணை. உங்களுக்கு ஒண்டு கொண்டுவந்தனான்.”

வழவழப்பான தாள். நல்ல மணம். செபமாலை கையை உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார்.

“நாம தூள் செஞ்சது எங்க மிஸ் இருக்கு? தமிழ்ல சொல்லுங்க.”

அவள் ஒரு பக்கத்தைப் பிரித்தாள். விரல் வைத்து, தயங்கித் தயங்கி வாசித்தாள். “பாத்திரம் நூற்றெண்பது பாகையிலை பன்னிரண்டு மணித்தியாலம், தானியங்கி மின் அடுப்பாலை... சீரா வெப்பமேற்றப்பட்டது.”

“அதுல நான் எங்க இருக்கேன்?”

“விறகு அடுப்பெண்டு எழுதினால் வெளிநாட்டிலை ஏற்கமாட்டினம் அண்ணை. இப்பிடித்தான் எழுதவேணுமெண்டு பணிப்பாளர் சேர் சொன்னவர்.”

“அப்ப இந்தப் பொஸ்தகத்துல என் பேரே இல்லைங்களா?”

சிவகௌரி கடைசித் தாள்களைப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தி, அவர் பக்கம் திருப்பினாள். கட்டம் கட்டிய ஆங்கில எழுத்துகளுக்குக் கீழே, அவர் எழுத்துக்கூட்டிப் போட்ட தமிழ்க் கையெழுத்து பளிச்சென்று பதிந்திருந்தது.

“இதிலை இருக்கு. மக்கள் குடிச்சுத் திருப்தியெண்ட கடிதம்.”

செபமாலை அந்தக் கையெழுத்தின் மேல் பெருவிரலை வைத்து மறைத்தார். எடுத்தார். அது அங்கேயே இருந்தது.

“இதையாவது எடுத்துடச் சொல்லுங்க மிஸ்.”

“அச்சடிச்சாச்சு அண்ணை,” என்றாள் சிவகௌரி. “எல்லா நாட்டுக்கும் அனுப்பியாச்சு.”